தாடிக்காரனுக்கு நுழைவுக் கட்டணம்

ஊரைக் காப்பாற்றியே தீருவது என்று எழுத்தர் முடிவு செய்தார். தாடிக்காரனிடமிருந்து.

வெளியே சொல்லும்போது மட்டும் 'கூட்டத்திடமிருந்து' என்று சொன்னார். அதுவும் பொய்யில்லை. ஆற்றுப் பாலம் தாண்டி வந்து குவியும் பகல் பயணிகளால் அந்தப் பழைய ஊர் பிதுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று சோம்பல் முறித்தால் யாராவது ஒருவரின் புகைப்படத்தில் போய் விழவேண்டியதுதான். அத்தனை பேரையும் எழுத்தர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒரே ஒரு ஆளை.

அந்தத் தாடிக்காரன் ஓர் ஓவியன். தினமும் காலையில் வருவான். எழுத்தரின் மனைவி வீட்டு முன்னறையில் தொப்பிக் கடை வைத்திருந்தாள். அதற்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரை கடையை வரைவான். ஒருநாள் எழுத்தர் எட்டிப் பார்த்தார். தொப்பிகளுக்கு நடுவே மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் படத்தில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. எழுத்தர் நேரே மனைவியிடம் போனார்.

"தினம் தினம் அவனுக்கு இங்க என்ன வேலை?"

"படம் வரையறார். வேடிக்கை பார்க்க நிக்கறவங்க ஆளுக்கொரு தொப்பி வாங்கறாங்க. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"ஒரு கடையை எத்தனை நாள் வரைவான்? இதுக்குள்ள நான் கடையையே கட்டி முடிச்சிருப்பேன்."

"நீங்களா? மாடி ஜன்னல் கொக்கி போன வருஷம் கழண்டது. இன்னும் தொங்குது."

எழுத்தர் நகரசபையில் தீர்மானங்கள் எழுதுகிறவர். அன்றே பேனாவை எடுத்தார். ஊருக்குள் வருகிறவர்கள் ஒவ்வொரு நாளும் கட்டணம் கட்ட வேண்டும். தினமும் வருகிறவன் தினமும் அழட்டும்!

தலைவருக்குப் பிடித்துப்போனது. விடுதிக்காரர்கள்தான் குதித்தார்கள். எங்கே தீர்மானம் கவிழ்ந்துவிடுமோ என்று பயந்துபோய் எழுத்தர் இரண்டு வரி சேர்த்தார். இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அவர்களுடைய பெட்டியைப் பாலத்து வாசல் ஊழியரே தங்குமிடம் வரை சுமந்து கொடுப்பார். விடுதிக்காரர்கள் கைதட்டினார்கள். வாசல் ஊழியர் வேலையை எழுத்தர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். தாடிக்குள் அந்த முகம் சுருங்குவதை நேரில் பார்க்க வேண்டாமா?

சாப்பிடும்போது மனைவியிடம் செய்தியைச் சொன்னார், போகிற போக்கில் சொல்வதுபோல.

"ஐயோ பாவம், ஓவியர் தினமும் கட்டணுமா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"தங்கறவங்களுக்கு?"

"கிடையாது. அவங்க ஊர் விருந்தாளிங்க."

"விடுதியிலதான் தங்கணுமா?"

"எங்க தங்கினா என்ன? ராத்திரி ஊருக்குள்ள இருந்தா சரி."

"நல்லா இருக்கே! யாருங்க யோசிச்சது?"

"வேற யாரு? ஐயாதான்."

"அதானே பார்த்தேன்" என்று இன்னும் ஒரு கரண்டி பரிமாறினாள். அந்த அன்பில் எழுத்தர் உருகிப்போனார்.

கட்டணம் தொடங்கிய காலையில், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பாலத்து வாசலில் விறைப்பாக நின்றார். தாடி வந்தது. கூடவே முக்காலி, வண்ணப் பெட்டி, அலமாரி அளவுக்கு ஒரு தோல் பெட்டி.

"கட்டணம்!" என்றார் எழுத்தர், ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும்படி.

அவன் எழுத்தரின் தோளுக்குப் பின்னால் பார்த்துப் புன்னகைத்தான். எழுத்தர் திரும்பினார். மனைவி நின்றிருந்தாள். தலையில் புதுத் தொப்பி.

"அவர் தங்க வந்திருக்கார்ங்க. நம்ம மாடி அறையில."

"மாடியிலயா? அங்க ஜன்னல் கொக்கிகூடக் கழண்டு தொங்குதே!"

"நேத்தே அவர் மாட்டிட்டார்."

"என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"கேட்டேனே! அன்னைக்குச் சாப்பிடும்போது."

தன் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு வரிசையில் பின்னால் நின்ற ஒரு விடுதிக்காரர் பொறுமை இழந்தார். "சார், நீங்க எழுதின விதிதானே? பெட்டியைத் தூக்கிட்டு வழி விடுங்க!"

எழுத்தர் தூக்கினார். முன்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். பின்னால் அவர் தள்ளாடினார். வீட்டுப் படியில் பெட்டி 'டொம்'மென்று இடித்தது.

மனைவி பதறித் திரும்பினாள். "மெதுவாங்க! சீசன் முடியற வரைக்கும் அவர் உடுத்தற துணி அத்தனையும் அதுலதான் இருக்கு."