கையில் ஒன்று வைக்க இடமில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் குழந்தைகளும் நலம். உன் அத்தான் நலமா என்று அவர் வாயைத் திறந்தால்தான் தெரியும். நீயும் எதற்கோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஃபோனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் உன் கல்யாணத்துக்கு அவர் வரமாட்டாராம். இது என்ன கூத்து? ஒரே கம்பெனி. நீ மேல்மாடியில் கம்ப்யூட்டர் சிப் வரைகிறாய், அவர் கீழ்மாடியில் வங்கிக்காரர்களின் ரகசியத்தைப் பூட்டி வைக்கப் புரோகிராம் எழுதுகிறார். அந்தப் பூட்டுக்கு அறுநூறு இலக்க எண்களைப் பெருக்க வேண்டுமாம். அவ்வளவு பெரிய எண் உன் சிப்பின் வாயில் நுழையாதாம், துண்டு துண்டாக்கித்தான் ஊட்டணுமாம். ஒரு துண்டைக் கூட்டினால் மிஞ்சுகிறதை, பள்ளிக்கூடத்தில் 'கையில் ஒன்று' என்று வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி அடுத்த துண்டுக்குக் கொண்டுபோகணும். அதை வைக்க உன் சிப்புல இருக்கறது ஒரே ஒரு இடம்! ரெண்டு கணக்கு சேர்ந்து ஓடினா ஒண்ணோட மிச்சத்த இன்னொண்ணு அழிச்சுடுதாம். இன்னொரு இடமும், அதுக்கு ரெண்டு புதுக் கட்டளையும் கேட்டாரு மனுஷன். உன் சொத்துல பங்கா கேட்டாரு? "சிப்புல இடமில்ல அத்தான், பார்க்கலாம்"னியாம். கோடிக்கணக்குல என்னென்னமோ அடைச்சு வெச்சிருக்கியே, ஒரே ஒரு ஒண்ண வைக்கவா இடமில்ல?

அன்னிலேருந்து சாப்பாட்டு மேஜையில டம்ளரை வெச்சு எனக்குப் பாடம் நடக்குது. "இதுல இருக்கறது மிச்சம். இன்னொருத்தன் வந்து இதுலயே ஊத்தினா?"ன்னு ஊத்தியே காட்டினாரு, என் மடியெல்லாம் ஈரம். நேர்ல பேசித் தொலைக்கறீங்களா, அதுவும் இல்ல. "உன் தம்பிகிட்ட சொல்லு"ன்னு அவர், "அத்தான்கிட்ட சொல்லுக்கா"ன்னு நீ. ஒருத்தர் சொன்னத எடுத்துட்டுப் போறதுக்குள்ள அடுத்தவர் ஒண்ணத் திணிக்கறீங்க. படிச்ச முட்டாள்கள் ரெண்டு பேருக்கு நடுவுல என் உயிர் போகுது.

எனக்கு இருக்கறது ஒரே தம்பி. உன் கல்யாண போட்டோவுல புருஷன் இல்லாம தனியா நின்னு பல்லைக் காட்ட என்னால முடியாதுடா. நினைச்சாலே அழுகை வருது. வீம்ப விட்டுட்டு அவர் கேட்டதப் போட்டுக் கொடு. இல்லேன்னா நானும் வரமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, நல்லாத் தூங்கு, கல்யாணத்தன்னிக்காவது முகத்துல களை இருக்கட்டும். மனைவியோடு நூறாண்டு நன்றாக இரு.

இப்படிக்கு,
கோபம் தணியாத அக்கா

பி.கு.: கவரை ஒட்டற நேரத்துல ஞாபகம் வருது. போன மாசமே நீ ஃபோன் பண்ணி, "அத்தான் கேட்டது ஓகே ஆயிடுச்சு, சிப்புல போட்டாச்சு, சொல்லிடுக்கா"ன்னே இல்ல? அத எடுத்துட்டு நான் ஹாலுக்குள்ள கால் வைக்கல, அதுக்குள்ள அவர், "உன் தம்பி ஒரு கல்நெஞ்சக்காரன்னு நான் சொன்னதா சொல்லு"ன்னாரு. முதல்ல சொன்னது போயே போச்சு. அவர் ஒரு நன்றிகூடச் சொல்லலைன்னு நீ முறுக்கிட்டு இருக்கறது இப்பத்தான் புரியுது. என்மேல பழி போடாதே, எனக்கும் ஒரே இடம்தான். நான் மறந்ததப் பத்தி அவர்கிட்ட மூச்சு விடாம, நேத்துத்தான் முடிவான மாதிரி நீயே ஃபோன் பண்ணிச் சொல்லு. என்கிட்ட மட்டும் சொல்லி அனுப்பாதே.