ஊமை விசிலின் மத்தியான பஸ்

உலகத்தில் எத்தனையோ பஸ் கண்டக்டர்கள் இருந்திருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். ஆனால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, பீளமேட்டிலிருந்து மதுக்கரை வரைக்கும் போய், திரும்பியும் வந்து, அதை ஒரு தடவைகூட ஊதாத கண்டக்டர் ஒரே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். ஊமை விசில் என்றால் அந்த ரூட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஊமையாவதற்கு முன்பு அவருக்குச் சங்கு என்று பெயர். பீளமேட்டு ஸ்டாப்பில் அவர் ஊதினால், மில் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு கிளம்புவார்களாம். நிற்பதற்கு ஒரு விசில், போவதற்கு இரண்டு விசில் என்பதெல்லாம் மற்ற கண்டக்டர்களுக்கு. இவரிடம் வயசான அம்மா இறங்கினால் அதற்கொரு விசில், பின்னால் யாராவது வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தால் அதற்கொரு விசில் இருந்தது. போதாக்குறைக்கு டிரைவர் தலைக்கு மேலே டேப் ரிக்கார்டர் அலறிக்கொண்டிருக்கும். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தப் பாட்டுக்காகவே காலேஜ் பையன்கள் வேறு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு இந்தத் தனியார் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஊமையானதற்குக் காரணம் என் மகன். அப்படித்தான் நான் பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, நாலாம் மாதம் குழந்தையோடு பீளமேட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரருக்கு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. உதவிக்கு அன்னூரிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், தோட்டத்தையும் மாட்டையும் மாமனார் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் தூங்கத் தெரிந்திருந்தது, குழந்தையைத் தவிர. அவன் தூங்காததால் நானும் தூங்கவில்லை. சாம்பாருக்குச் சர்க்கரை போட்டேன். கேஸ் சிலிண்டர்காரர் கையெழுத்துக் கேட்டபோது, பேனாவைப் பிடித்தபடியே கதவில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அவர் பாவம், "அம்மணி, அம்மணி" என்று நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இந்த நிலைமையில் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் காந்திபுரம் போக வேண்டி வந்தது. அத்தைக்கு முழங்கால் வலி. நான் தனியாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. டிக்கெட் வாங்கியது ஞாபகம் இருக்கிறது. காற்று முகத்தில் பட்டதும் ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து ஞாபகம் இருப்பது ஒரு மலை.

வாளையாறுப் பக்கத்து மலை. ஜன்னலுக்கு வெளியே நீலமாக நின்றுகொண்டிருந்தது. மரத்து இலையெல்லாம் சிமெண்ட் ஆலைத் தூசி படிந்து வெள்ளையாக இருந்தது. எங்கும் சத்தமே இல்லை. செத்துப்போய் வேறு எங்கேயோ வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றும் நினைத்தேன்.

"மதுக்கரைங்க அம்மணி" என்று காதோரம் யாரோ ரகசியம் சொன்னார்கள். கண்டக்டர்.

"அய்யோ, நான் காந்திபுரத்துல எறங்கணும்ங்களே!"

"தெரியுமுங்க. சின்னவரு தூங்கிட்டிருந்தாருங்க. எப்படிங்க எழுப்பறது?"

சின்னவர் என்றது என் மகனை. கொங்கு நாட்டில் மரியாதைக்கு வயது வரம்பு கிடையாது. நான் மடியைப் பார்த்தேன். சின்னவர் இரண்டு கண்ணையும் உருட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தானுங்க முழிச்சாரு" என்றார் கண்டக்டர் அவசரமாக.

எனக்கு ஊசி மறந்துவிட்டது, காந்திபுரம் மறந்துவிட்டது. என் மகன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறான்! அதே பஸ்ஸில் வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். ஊசியை அப்புறம் வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட்டிப்போய்ப் போட்டுவந்தார்.

"பஸ்ஸுல தூங்கற கொழந்தைய நான் எங்கயும் கேட்டதில்ல கண்ணு" என்றார் அத்தை. "எங்கூர்லெல்லாம் தூளீலதான் தூங்கும்."

"இவன் பஸ்ஸுலதான் அத்தை தூங்கறான்."

"செரி, என்ன பண்றது. தெனமும் போய்ப்போட்டு வா."

அப்படித்தான் என் மத்தியானப் பயணங்கள் தொடங்கின. ஒன்றரை மணிக்குப் பீளமேடு, மூன்று மணிக்குள் மதுக்கரை, நாலரைக்கு மறுபடியும் வீடு. மூன்றாம் நாளே டேப் ரிக்கார்டர் வாயை மூடிவிட்டது. நாலாம் நாள் விசிலும் நின்றது. அதற்குப் பதிலாகக் கண்டக்டர் தோளில் கிடந்த துண்டை ஆட்டினார். ஒரு தடவை ஆட்டினால் நிறுத்தணும், இரண்டு தடவை ஆட்டினால் போகணும். டிரைவர் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் துண்டைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு நாள் கண்டக்டர் அதால் வியர்வையைத் துடைக்கப்போக, பஸ் நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டது.

"ஏனுங்க, எறங்கறது யாருங்க?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். யாரும் இல்லை.

காலேஜ் பையன்கள் பாட்டுக் கேட்டுச் சண்டைக்கு வந்தார்கள். கண்டக்டர் விரலை உதட்டில் வைத்து, "ஏனுங்க தம்பி, சின்னவரு தூங்கறாருங்க" என்றார். விசிலும் பாட்டும் இல்லாத பஸ்ஸில் அவர்களால் முடிந்தது கண்டக்டருக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பதுதான். வைத்தார்கள். வைத்துவிட்டு அவர்களும் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார்கள்.

நானும் கொஞ்சம் கண் அசருவேன். இல்லையென்று சொல்லவில்லை. ஒரு ஐந்து நிமிடம் இருக்கும். கண்ணை மூடியபடியே ஊரைத் தெரிந்துகொள்வேன். குளத்துக் காற்று வந்தால் உக்கடம். மூடிய இமைமேல் நிழலும் வெயிலும் மாறி மாறி ஓடினால் பாலக்காட்டு ரோட்டுப் புளிய மரங்கள். குனியமுத்தூர் தாண்டினால் கணவாய்க் காற்றில் ஈரம் இருக்கும், சில நாள் சாரல் கன்னத்தில் விழும். நடுவில் பஸ் எனக்கு ஒரு தொட்டில் ஆகிவிடும், தொட்டில் ஒரு படகு ஆகிவிடும், படகில் எங்கள் அத்தை மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்புறம் "மதுக்கரைங்க அம்மணி" என்று ஒரு ரகசியம் கேட்கும். எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே.

வீட்டில் அத்தை மட்டும் போலீஸ்காரர் மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தார். குழந்தை பஸ்ஸை விட்டு இறங்கும்போது புதுசு புதுசாக ஏதாவது இருக்கும். ஒரு நாள் கையில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. ஒரு நாள் உச்சந்தலை அத்தர் வாசனை அடித்தது.

"தூங்கற கொழந்தை எப்படி கண்ணு அத்தர் பூசிட்டு வரும்?"

"பஸ்ஸுல ஒரு அத்தர் வியாபாரி பாய் ஏறுவாருங்க அத்தை. வாசனை காத்துல வந்திருக்கும்."

"செரி. பஸ்ஸுல அத்தனை நேரம் தூங்குன கொழந்தை, ஊட்டுக்கு வந்ததும் இப்படி அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குதே, அது?"

நன்றாகத் தூங்கி எழுந்திருந்ததால் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே காபி போட்டேன். அந்த மாதங்களில்தான் நான் மறுபடியும் சிரித்தேன், சாம்பாருக்கு உப்புப் போட்டேன்.

கெடுதல் ஓர் அருமைக்காரர் வடிவில் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர் சடங்குகளைச் செய்து வைக்கிற பெரியவருக்கு அருமைக்காரர் என்று பெயர். அவர் வந்து தொடாமல் ஒரு சீரும் நடக்காது. ஒரு நாள் மதுக்கரையில் ரகசியத்துக்குப் பதிலாக ஒரு கூச்சல் என்னை எழுப்பியது. தலையில் உருமால் கட்டிய பெரியவர் கண்டக்டர் முன்னால் நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

"குனியமுத்தூர் மண்டபத்துல மாப்பிள்ளை மணையில உக்காந்திருக்கறான். நான் மதுக்கரைல நிக்கறேன்! ஸ்டாப்பு வந்தாச் சொல்ல மாட்டியாப்பா?"

"சொன்னனுங்க."

"எங்க சொன்ன?"

"மெல்லச் சொன்னனுங்க."

பெரியவர் நேராக பஸ் முதலாளியிடம் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து நான் இறங்கும்போது டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. முதலாளி செக்கரை அனுப்பறாருங்க. விசில் ஊதாத கண்டக்டர் எதுக்குன்னு கேக்கறாரு. இவருக்கு வேலை இருக்குமான்னே தெரியலீங்க."

என் குழந்தை தூங்குவதற்காக ஒரு மனிதரின் வேலை போவதா? அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அந்த இரண்டாம் நாள் மத்தியானம், கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தேன். அத்தை ஓடி வந்து என் முழங்காலருகே எதையோ இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபோதுதான் விழித்தேன். பிடித்தது என் மகனை. மடியிலிருந்து தரைக்கு நழுவிக்கொண்டிருந்தான். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் அழுகை அழுகையாக வந்தது.

"நாளைக்குப் பஸ்ஸுக்குப் போ கண்ணு" என்றார் அத்தை. "செக்கர் வந்தா நீயே நடந்ததைச் சொல்லு."

அதையே முடிவு செய்தேன். செக்கர் ஏறியதும் எழுந்து நின்று, 'தப்பு கண்டக்டர் மேல இல்லீங்க, என் கொழந்தைக்காகத்தான் அவரு விசில் ஊதலீங்க' என்று சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டாப் வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, செக்கருக்காகக் கண் கொட்டாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளத்துக் காற்று வந்தது.

விழித்தபோது நீல மலை தெரிந்தது. மடி காலி.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் குழந்தையைப் பார்த்துவிட்டேன். எதிர் சீட்டில், காக்கிச் சட்டையும் தோல் பையுமாக ஒருவர் மடியில் உட்கார்ந்து, அவருடைய பென்சிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அது செக்கர். பக்கத்தில் தினமும் கூடையோடு ஏறும் பூக்கார அக்கா, அத்தர் பாய், ஊமை விசில். எல்லோரும் என்னைப் பார்த்து, திருடிப் பிடிபட்டவர்கள் மாதிரி முழித்தார்கள்.

நான் தடுமாறி எழுந்து, ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். "தப்பு அவரு மேல இல்லீங்க. என் கொழந்தை பஸ்ஸுலதான் தூங்கும், அதுக்காகத்தான் அவரு..."

"கொழந்தையா?" என்றார் செக்கர் தாழ்ந்த குரலில். "உக்கடத்துல நான் ஏறுனதுல இருந்து இவரு கண்ண மூடலீங்களே."

பூக்கார அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு நாளும் மூடுனதில்லீங்க அம்மணி. மொத நாள்ல இருந்தே நீங்கதான் தூங்குவீங்க. உங்க கை தளர்ந்ததும் கண்டக்டரு கொழந்தைய எடுத்துக்குவாரு. உக்கடம் வரைக்கும் எங்கிட்ட இருப்பாரு, பொறவு பாய்கிட்ட. மதுக்கரை வந்ததும் உங்க மடியில வெச்சுப்போட்டு எழுப்புவோமுங்க."

எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் வந்தது. கண்டக்டரைப் பார்த்து, "ஒரு நாளாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்றேன்.

"சொன்னா நீங்க முழிச்சுக்குவீங்களேங்க" என்றார் அவர்.

செக்கர் புகாரை விசாரித்தார். அருமைக்காரர் விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. அன்றைக்குப் பெரியவர் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். கண்டக்டர் பக்கத்தில் நின்று, "ஏனுங்க... ஏனுங்க..." என்று கூப்பிட்டபடியே மதுக்கரை வரைக்கும் வந்திருக்கிறார். அத்தனை பெரிய மனிதரைத் தோளைத் தொட்டு உலுக்குவது மரியாதை இல்லையாம்.

"அப்ப அவரு தூங்கிட்டாருன்னே எழுதிப்போடறேன்" என்றார் செக்கர்.

"அய்யோ, வேண்டாமுங்க!" கண்டக்டர் பதறிவிட்டார். "நாலு கல்யாணம் செஞ்சு வெக்கறவருங்க. பஸ்ஸுல குறட்டை விட்டாருன்னு ஊருக்குத் தெரிஞ்சா நல்லாருக்குங்களா? எம்பேர்லயே எழுதிக்குங்க."

செக்கர் காகிதத்தைப் பையின் மேல் வைத்தார். அப்புறம் என் மகனிடமிருந்து பென்சிலைக் கெஞ்சி வாங்கி, 'இந்த ரூட்டில் காற்று அதிகம். பயணிகள் தூங்காமல் இருப்பது கஷ்டம். கண்டக்டர் பேரில் குறை இல்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "எனக்கு மூணு கொழந்தைங்க. எங்கூட்டு அம்மணி எப்பத் தூங்குச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க."

பஸ் திரும்பியது. கண்டக்டரின் வேலை பிழைத்ததில் டிரைவர்கூடக் குஷியாக இருந்தார். பாட்டு மட்டும் போடவில்லை. நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இனிமே நான் முழிச்சுக்கிட்டே வாரேனுங்கண்ணா" என்றேன்.

"தூங்குங்க அம்மணி" என்றார் ஊமை விசில். "பீளமேடு எங்கயும் போயிராதுங்க."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். புளிய மரங்கள் ஆரம்பித்துவிட்டன. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, முழித்திருக்கும்போதே, என் மகனை நானே தூக்கி அவர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.