நூறே நூறு பொருள்

வீட்டில் இருந்த தட்டு இரண்டு. சாப்பிட உட்கார்ந்தவர்கள் நாலு பேர்.

மனைவியின் அண்ணனும் அண்ணியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருந்தார்கள். அண்ணிக்கும் அண்ணனுக்கும் தட்டைக் கொடுத்தால் மரியாதை. ஆனால் அண்ணிக்கு ஒன்று போட்டதுமே மனைவி அடுத்ததைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். மச்சானுக்குக் கிடைத்தது குக்கர் மூடி. பரிமாறியதில் பாதி விசில் ஓட்டை வழியாக அவர் மடியில் இறங்கியது.

"மாப்ள, இது என்ன புது வழக்கம்?"

"மினிமலிசம், மச்சான்."

"நோயா?"

"இல்ல, மருந்து."

"நோய்தாண்ணே," என்றாள் மனைவி. "மூணு வாரமா இருக்கு."

மூன்று வாரம் என்பது சரிதான். நம் ஆள் பூட்டுக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக டெஸ்பாட்ச் குமாஸ்தா. பெட்டி ஒட்டி, எடை போட்டு, விலாசம் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்புவது வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேனேஜரின் மேஜை மொட்டையாக இருந்தது. குடும்பப் படம் இல்லை, பேனா ஸ்டாண்டு இல்லை, இழுப்பறைகள் வாயைப் பிளந்து கிடந்தன. அறையில் ஏதோ ஆஸ்பத்திரி வாடை வேறு. பாவம், மனுஷனுக்கு நெஞ்சுவலியே வந்திருக்கும் என்று குமாஸ்தா நினைத்துக்கொண்டார். கம்பெனி கூடாரத்தைக் காலி செய்கிறது, அந்த அதிர்ச்சிதான்!

யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வேலை போனால் யார் கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள் என்ற பயம் மட்டும் வயிற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

நடைபாதைக் கடையில் மினிமலிசம் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. மனிதனுக்கு நூறு பொருள் போதும், அப்படி வாழ்கிறவனை எந்தப் புயலும் அசைக்க முடியாது என்று அதில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து எண்ணினார். சட்டைப் பித்தானைத் தள்ளியே ஆயிரத்து நானூற்று அறுபத்து மூன்று வந்தது.

"என்னை எந்தக் கணக்குல சேர்த்தீங்க?" என்றாள் மனைவி.

"நீ பொருளே இல்லம்மா."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. தடுக்க ஆளில்லாமல் ஆயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று பொருளும் கீழ்வீட்டு டீச்சரம்மாவிடம் இறங்கின. ஓய்வு பெற்றிருந்தாலும் டீச்சரம்மா கையிலிருந்து சிவப்புப் பேனா இன்னும் ஓய்வு பெறவில்லை.

இப்போது குமாஸ்தா அவள் கதவைத்தான் போய்த் தட்டினார்.

"ரெண்டு தட்டு வேணும், டீச்சரம்மா."

அவள் நோட்டை எடுத்தாள். "தட்டு ரெண்டு. பூப் போட்டது. கீறல் விழாம வரணும்."

"அது எங்க..."

"எங்க?" என்றாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக.

"எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டேன்."

தட்டு வந்ததும் டம்ளர் தேவைப்பட்டது. டம்ளருக்குப் பின்னால் பாய், தலையணை, விசிறி, மச்சானின் முதுகுக்கு நாற்காலி. நாலு நாள் தங்கினார்கள். நாலு நாளும் குமாஸ்தா தன் சாமான்களுக்கே கையெழுத்துப் போட்டுப் போட்டு மேலே ஏற்றினார்.

ஐந்தாம் நாள் ஊருக்குக் கிளம்பிய மச்சான், "மாப்ள, நீ தைரியமா இரு. உனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஊர்ல நான் சொல்லிக்கிறேன்," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சாமானைத் திருப்பித் தரலாம் என்று பார்த்தால் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஒரு டம்ளர் படி இறங்கினா, பின்னாடியே நானும் இறங்கிடுவேன்!"

எண்ணிப் பார்த்தார். நூற்று முப்பத்தொன்று. புத்தகத்தைப் புரட்டினார். இரவல் பொருளும் கணக்கில் சேருமாம், ஆனால் வீட்டில் ஏறியதை அலுவலகத்தில் இறக்கிச் சரிக்கட்டலாமாம். குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது. வீட்டில் குறைக்க முடியாவிட்டால் என்ன, ஆபீஸ் மேஜை இருக்கிறதே!

மறுநாள் காலையில் ஸ்டேப்ளர் கணக்காளருக்குப் போயிற்று. முதுகுத் திண்டு டைப்பிஸ்ட் பெண்ணுக்கு. பசை பாட்டில், கத்தரிக்கோல், டேப், நூல்கண்டு எல்லாம் கண்ணில் பட்டவர்களுக்கு. முப்பத்தொன்றும் கழிந்து கணக்கு நூறாயிற்று. ஒரே ஒரு பேனாவோடு, முற்றும் துறந்தவர் போல மொட்டை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"என்ன சார், மேஜையைத் துடைச்சு வச்சிருக்கீங்க?" என்றாள் டைப்பிஸ்ட்.

"எது போனாலும் எனக்குக் கவலை இல்லம்மா."

பத்து மணிக்குச் சொன்னது, பதினோரு மணிக்குக் கணக்காளரிடம் 'போகிறாராம், கவலையே இல்லையாம்' என்று ஆனது. பன்னிரண்டுக்கு ஸ்டோர் ரூமில் 'போட்டிக் கம்பெனியில் பெரிய நாற்காலியாம்' என்று வளர்ந்தது. சாப்பாட்டு மணி அடித்தபோது மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

மேனேஜரின் மேஜையில் குடும்பப் படம், பேனா ஸ்டாண்டு எல்லாம் பழையபடி இருந்தன. கடைசி நாள்வரை கம்பீரமாக நடிக்கிறாரே மனுஷன் என்று குமாஸ்தாவுக்கு இரக்கமாகப் போயிற்று.

"பத்தொன்பது வருஷம்," என்றார் மேனேஜர். "ஒரு வார்த்தை முன்னாடியே பேசியிருக்கலாம்."

பாவம், ஆளை வெளியே அனுப்பும் விஷயத்தை எப்படிச் சொல்வதென்று தவிக்கிறார். குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரவாயில்ல சார். நான் தயாராயிட்டேன்."

"அவ்வளவு உறுதியா இருக்கீங்களா?"

"எந்தப் புயலும் என்னை அசைக்க முடியாது சார்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "சரி. யாரையும் கட்டி வைக்க முடியாது." டைப் அடித்த காகிதம் ஒன்றை நகர்த்தினார்.

டீச்சரம்மாவின் நோட்டில் நாலு நாள் போட்டுப் போட்டுக் குமாஸ்தாவுக்குக் கையெழுத்து பழகிப்போன காரியமாகிவிட்டது. படிக்கவில்லை.

"எங்க கையெழுத்துப் போடணும் சார்?"

வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா. கணக்காளர் பேசும்போது அழுதார், அழுதுகொண்டே ஸ்டேப்ளர் நன்றாக வேலை செய்கிறது என்றும் சொன்னார். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பெரிய பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். உள்ளே ஐம்பத்தொரு உருப்படி கொண்ட சாப்பாட்டுத் தட்டு செட். குமாஸ்தா அந்த இடத்திலேயே கூட்டிப் பார்த்தார். மறுபடியும் நூற்றைத் தாண்டி நூற்றைம்பத்தொன்றில் நின்றது.

ஆபீஸ் பெருக்கும் அக்கா பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"ஏன் சார் திடீர்னு கிளம்பிட்டீங்க? புது இடம் பெரிய இடமாமே?"

"புது இடமாவது, பழைய இடமாவது. இந்தக் கம்பெனியே இன்னும் கொஞ்ச நாள்தான் அக்கா. ஒரு மாசத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். மேனேஜர் மேஜை காலியா கிடந்துச்சே, அன்னிக்கே நான் உஷாராயிட்டேன்."

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அட, அந்த மேஜையா? கால் வழியா கரையான் ஏறிடுச்சு சார். மருந்தடிக்கணும், ரெண்டு நாளைக்குக் காலி பண்ணிக் குடுங்கன்னு நான்தான் சொன்னேன். இனிமே இருபது வருஷத்துக்கு அதை எதுவும் அசைக்க முடியாது!"