சர்க்கரை டாக்டரின் முன்மேசை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். அங்கு நீங்களும் அக்காவும், உங்கள் முழங்கால் இரண்டும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

ஒரு சந்தோஷச் சேதி. நம் பெண் படித்து முடித்துவிட்டாள். டாக்டருக்கு ஐந்தரை வருஷம், பொது மருத்துவத்துக்கு மூன்று, அதற்கும் மேலே சர்க்கரைக்கும் சுரப்பிகளுக்குமாக இன்னொரு மூன்று. பத்தாம் வகுப்பை மட்டுமே மூன்று வருஷம் படித்தவன் என்பதால் அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். பட்டங்களையெல்லாம் எழுதினால் பலகை பக்கத்துத் தையல்கடை வாசலை மறைக்கும் என்கிறார் பெயர்ப்பலகை எழுதுகிறவர். மறைக்கட்டும், தையல்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை கிளினிக் திறக்கிறாள். முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலையை நான் கேட்டேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் தங்கைக்கு அந்த இடத்தைத்தான் பெருக்க வேண்டியிருக்கிறது, என் நிலைமை உங்களுக்குப் புரியும். நம் பெண் யோசித்துவிட்டு, "சர்க்கரை டாக்டரோட அப்பாவுக்கே சர்க்கரை எகிறிக் கெடந்தா வர்றவங்க என்னை எப்படிப்பா நம்புவாங்க? டெஸ்ட்ல பாஸ் பண்ணுங்க, நாற்காலி உங்களுக்குத்தான்" என்றாள்.

பாஸ் பண்ண எனக்கு வழி தெரியாதா மச்சான்? மூணே நாள். இனிப்பு இல்லை, பிஸ்கட் இல்லை, காபியில் சீனி இல்லை, சாப்பாடு பாதி, காலையும் மாலையும் மாடிப்படியில் ஏறி இறங்கினேன், மேல்வீட்டுக்காரர் என்னத்தைத் தொலைச்சீங்க என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். நேற்று காலை வெறும் வயிற்றோடு விரலை நீட்டினேன். நூற்றெட்டு. போன மாசம் இருநூற்றுப் பத்து மச்சான். அவள் உடனே என் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். பதினொன்றரை வருஷம் படிச்சவளை மூணு நாள்ல ஜெயிச்சுட்டோமே என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

ஆகவே நீங்களும் சர்க்கரையை வைத்துக்கொண்டு டாக்டர் என்றாலே ஓடுவதை விட்டுவிட்டு வாருங்கள். வருவதற்கு மூன்று நாள் முன்னால் மட்டும் நான் செய்த மாதிரி செய்யுங்கள், மற்ற நாளெல்லாம் வெளுத்துக் கட்டுங்கள். வரிசையில் நிற்காமல் டோக்கன் வாங்கித் தர வேண்டியது என் பொறுப்பு.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
முன்மேசைப் பொறுப்பாளரான
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஆய்வுக்கூடத்துத் தாள் வந்துவிட்டது. ஒன்பது புள்ளி நாலு. எவ்வளவு கம்மி பார் என்று உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியாம், ஏழுக்கு மேல் போகக் கூடாதாம், தின்றதையெல்லாம் ரத்தம் மறக்காதாம். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நம் பெண் திட்டவில்லை. "மூணு நாள் முடிஞ்சுதுல்லப்பா, இன்னும் எண்பத்தேழு நாள் இதே மாதிரி இருங்க" என்றாள். அதுவரைக்கும் முன்மேசையில் உங்கள் தங்கை. முதல் டோக்கன் எனக்கு. இரண்டாவது உங்களுக்கு, கடிதத்தை நம் பெண் படித்துவிட்டாள்.