மருமகன் தந்த மயில் டிக்கெட்

கனடாப் பயணத்தை நானே ஒழுங்கு செய்வது என்று தீர்மானித்தேன். தனியாக. மதலேனாவைக் கேட்காமல். இந்தத் தீர்மானத்தை மட்டும் மதலேனாவைக் கேட்டுத்தான் எடுத்தேன்.

மதலேனா என் மனைவி. மன்னார் பள்ளிமுனையில் என்னைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளைத் தெரியாதவர்கள் இல்லை. என் பெயர் லெம்பேட். மீன் வாடியில் வேலை. மீனுக்கு ஐஸ் போட்டு லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவேன். மீன் போகும். நான் நிற்பேன்.

அதற்காக வெளிநாடே காணாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். சண்டைக் காலத்தில் இரண்டு தரம் இந்தியா போனவன். இரண்டு தரமும் வள்ளத்தில். சண்டை முடிந்து, ஊருக்குத் திரும்பி, வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு ஒருவாறு கூரையும் போட்டு முடித்த நேரம்தான் ரொறொன்ரோவில் இருந்து மகள் ஜெசிந்தா அழைத்தாள். கலியாணம் முடித்துப் போய் நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் இருந்தவள்.

“அம்மா, எனக்குப் பிள்ளை கிடைக்கப் போகுது. நீங்கள் ரெண்டு பேரும் வரவேணும்.”

மதலேனா அழுதுகொண்டு லூசியம்மா கோயிலுக்கு ஓடினாள். நான் வாடிக்கு ஓடி ஐஸ் உடைத்தேன். ஐஸ் உடைக்கும்போது முகம் நனைந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

கனடா விசாவுக்கு மகள் எழுதிப் போட்டாள். அது வந்து சேர்ந்த கிழமை மருமகன் பேசினார்.

“மாமா, டிக்கெட்டைப் பற்றி யோசிக்காதேங்கோ. என்னட்ட மைல் கனக்கச் சேர்ந்து கிடக்கு. அதில எடுப்பம்.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டு மதலேனாவிடம் சொன்னேன்.

“மருமகனிட்ட மயில் நிக்குதாம். அதைக் குடுத்துத்தான் டிக்கெட் எடுக்கப் போறாராம்.”

“மயிலோ? அந்தக் குளிருக்க மயில் உயிரோட நிக்குமே?”

“நிக்காது. அதுதான் அங்க மயிலுக்கு அவ்வளவு கிராக்கி.”

“முருங்கன் வயலுக்க மயில் கூட்டம் கூட்டமாத் திரியுது. ரெண்டைப் பிடிச்சுக் குடுத்தா எங்களுக்கும் டிக்கெட் தருவாங்களோ?”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அபூசாலியிடம் போனேன். அபூசாலி எருக்கலம்பிட்டிக்காரன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போன குடும்பம். இப்போது திரும்பி வந்து, மன்னார் பஸாரில் போட்டோக் கொப்பியும் விமான டிக்கெட்டும் ஒன்றாக விற்கிற கடை வைத்திருந்தான். அவன் மனைவி சபூராவும் மதலேனாவும் நல்ல சிநேகிதம். இந்த விசயத்தை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

“அண்ணன், அது மயில் இல்ல. மைல். தூரம். ஒவ்வொரு தரம் பறக்கக்கயும் அந்தத் தூரத்தை உங்கட பேரில பதிஞ்சு வைப்பாங்க. கனக்கச் சேர்ந்தா ஓசியில டிக்கெட்.”

“போன தூரத்தைச் சேர்த்து வைக்கலாமோ? அப்ப நான் தள்ளாடிக்கும் மன்னாருக்கும் சைக்கிள் மிதிச்ச தூரமெல்லாம் எங்க?”

“அது போனது போனதுதான் அண்ணன். சைக்கிளுக்கு அந்தத் திட்டம் இல்ல. விமானத்துக்கு மட்டும்தான். இதுக்குப் பேர் அவார்ட் டிக்கெட்.”

“அவார்ட் எண்டா விருதெல்லோ? எனக்கு என்னத்துக்கு விருது?”

அபூசாலிக்கும் அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மதலேனாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

“விருது எனக்குத்தான் தந்திருப்பாங்கள். உங்களோட இத்தினை வருசம் குடும்பம் நடத்தினதுக்கு. நீங்கள் கூட வாறீங்கள், அவ்வளவுதான்.”

அடுத்த நாள் அபூசாலி இன்னொரு செய்தி சொன்னான். ஒரு கொம்பனி புதிதாகக் கொழும்பில் இருந்து பாரிசுக்கு நேராகப் பறக்கத் தொடங்கியிருந்தது. பாரிசில் மாறினால் ரொறொன்ரோ. மருமகனின் மைல் அதற்குச் செல்லும்.

“அதில ஒரு விசேசம் இருக்கு அண்ணன். ஸ்டொப் ஓவர்.”

“ஓவரை நிப்பாட்டுறதோ? இதுக்குள்ள கிரிக்கெட் எங்கயிருந்து வந்தது?”

“கிரிக்கெட் இல்ல. இடையில பாரிசில இறங்கி ஒரு கிழமை, ஏழு நாளும் நிண்டிட்டு, பிறகு அதே டிக்கெட்டில அங்கால போகலாம்.”

“இறங்கினவனைத் திரும்ப ஏத்துவாங்களோ?”

“ஏத்துவாங்க.”

“அதே டிக்கெட்டுக்கோ?”

“அதே டிக்கெட்டுக்கு.”

எனக்குத் தலை சுற்றியது. மன்னார் பஸ்ஸில் மடுச் சந்தியில் தேத்தண்ணி குடிக்க இறங்கினாலே நமது இடத்தில் வேறொருவர் இருப்பார். இவர்கள் ஒரு கிழமை இறங்கவிட்டு, பிறகும் ஏற்றுகிறார்களாம்! விளங்கவில்லை. ஆனால் விளங்கிய ஒரு சொல் மனதில் நின்றது. பாரிஸ்.

பாரிசில் சீமான்பிள்ளை இருந்தான். என்னோடு பள்ளிமுனையில் பந்து விளையாடியவன். எங்கள் குழுவில் பாதிப் பேர் இப்போது அங்கேதான். ஞாயிறு தோறும் கூடி, கடதாசிச் சீட்டு விளையாடி, ஒரு போத்தலும் உடைத்து, அந்தப் படங்களை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழமை! மதலேனா பக்கத்தில் இல்லாத ஒரு கிழமை! எனவே மதலேனா நேரே ரொறொன்ரோ போகவேண்டும், நான் மட்டும் பாரிசில் இறங்கவேண்டும். அபூசாலி அப்படியே மருமகனுக்கு எழுதிப் போட்டான். மாமிக்கு நேர், மாமாவுக்கு நிறுத்தம்.

பிறகு மதலேனாவுக்குச் சொன்னேன்.

“பாரிசில மாறிப் போறமாம்.”

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“பாரிசெண்டா திரேசம்மா இருக்கிற இடமெல்லோ?”

திரேசம்மா அவள் தங்கச்சி. மண்டபம் அகதி முகாமில் அக்காவும் தங்கச்சியும் ஒரே பாயில் படுத்தவர்கள். அங்கிருந்தே திரேசம்மா கலியாணம் கட்டிப் பிரான்சுக்குப் போனாள். நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அதன் பிறகு இருவரும் நேரில் கண்டதில்லை.

“இடையில இறங்கி அவளை ஒருக்காப் பாக்கேலாதோ?”

“விமானம் என்ன இ.போ.ச. பஸ்ஸே, நினைச்ச இடத்தில மணி அடிச்சு இறங்க?”

“ஒரு நாள்கூட நிக்கேலாதோ?”

“ஏலாது. அதோட இன்னொரு கரைச்சலும் இருக்கு. பாரிசில இருந்து அங்கால அண்டைக்கு ஒரு இடம்தான் மிச்சமாம். மயில் டிக்கெட்டுக்கு இடம் குறைவு.”

“மைல்.”

“ஓம், மைல். அந்த ஒரு இடத்தை உனக்கு விட்டுத்தாறன். பிள்ளைக்கு நீதான் வேணும். நான் ஒரு கிழமை எயாப்போட்டில கதிரையில படுத்துக் கிடந்திட்டு வாறன்.”

மதலேனா என்னைப் பார்த்தாள். கண் கலங்கியது மாதிரி இருந்தது. வெங்காயம் பக்கத்தில் இல்லை.

“ஐயோ, எனக்காக இவ்வளவு கஷ்டப்படப் போறீங்களோ?”

“வேறென்ன செய்யிறது?” என்றேன். சொல்லும்போது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அபூசாலிதான் நடுவில் ஒரு குழப்பம் பண்ணினான்.

“அண்ணன், மாறிப் போறதுக்கு ஒண்டும் வேணாம். ஆனா பாரிசில வெளிய போறதெண்டா விசா வேணும்.”

“தம்பி, நான் ரெண்டு தரம் நாடு விட்டு நாடு போனவன். ஒருத்தரும் விசா கேக்கேல்ல.”

“அது வள்ளம் அண்ணன்.”

“ஓட்டை வள்ளத்தில போனவனையே கேக்காதவங்கள், டிக்கெட்டோட விமானத்தில போறவனைக் கேப்பாங்களோ?”

அபூசாலி வாயைத் திறந்தான். மூடினான். அவனுக்கு மறுமொழி இல்லை என்று நினைத்தேன். அவன் மறுமொழியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சபூராவிடம் சொல்லியிருக்கிறான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த மாதம் மதலேனா கொழும்புக்குப் போகவேண்டும் என்றாள். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்திக்கடனாம். சபூராவும் துணைக்குப் போகிறாளாம். அந்தோனியாருக்குச் சபூரா என்ன துணை என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சந்தோசமாக அனுப்பினேன். அவள் வீட்டில் இல்லாத நேரம் கருவாடு கட்டலாம். சீமான்பிள்ளைக்குப் பால்சுறாக் கருவாடு என்றால் உயிர்.

திரும்பி வந்தவளிடம் கேட்டேன்.

“அந்தோனியாரிட்ட என்ன கேட்டனீ?”

“துலைஞ்சது கிடைக்கவேணும் எண்டு.”

“என்ன துலைஞ்சது?”

“அதைக் கிடைச்சாப் பிறகு சொல்லுறன்.”

தோட்டைத் தொலைத்துவிட்டாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெசிந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நாங்கள் புறப்பட்டோம். கடவுச்சீட்டு, டிக்கெட் எல்லாம் மதலேனாவின் கைப்பைக்குள். என்னிடம் இரவல் கோட்டும், ஏழெட்டுப் பொலித்தீன் சுற்றிய கருவாட்டுப் பையும். அத்தனை சுற்றியும் கருவாடு அடங்கவில்லை. விமானத்தில் எனக்கு முன்னால் இருந்த வெள்ளைக்காரி அடிக்கடி தன் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தாள். மதலேனா செபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். பாவம், தனியாக ரொறொன்ரோ போகப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

“பயப்பிடாதை. மாறுற இடம்வரைக்கும் நான் வருவன்,” என்றேன்.

“நானும் அதைத்தான் நினைச்சனான்,” என்றாள்.

பாரிசில் இறங்கினோம். ஒழுங்கை மாதிரி நீளமான நடைவழி. ஒரு இடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. அம்புக்குறிகள் எல்லாப் பக்கமும் காட்டின. எனக்கு விளங்கியது ஒன்றுதான், பெட்டிப் படம் போட்ட வலப்பக்கம் வெளியே போகிறது. அங்கு நின்ற உத்தியோகத்தனிடம் மதலேனா இரண்டு டிக்கெட் துண்டுகளையும் நீட்டினாள். அவன் பார்த்தான். என்னை இடப்பக்கம் போகச் சொன்னான். அவளை வலப்பக்கம் போகச் சொன்னான். நான் வலப்பக்கம் நடந்தேன். அவன் என் தோளைப் பிடித்துத் திரும்பவும் இடப்பக்கம் விட்டான்.

“இஞ்சேர், இவன் மாறிச் சொல்லுறான்.”

“இல்லை. சரியாத்தான் சொல்லுறான். உங்களுக்கு அங்கால. எனக்கு இஞ்சால.”

“இஞ்சால வெளியிலயெல்லோ போகுது?”

“ஓம். திரேசம்மா வெளியில நிக்கிறாள்.”

நான் அவளைப் பார்த்தேன். அம்புக்குறியைப் பார்த்தேன். பிறகும் அவளைப் பார்த்தேன்.

“அப்ப நான்?”

“அங்கால ஒரு இடம்தான் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். நீங்கள் கதிரையில கிடந்து கஷ்டப்பட வேண்டாம் எண்டு அந்த இடத்தை உங்களுக்கு விட்டுத்தந்திட்டன். ஜெசிந்தாவிட்ட சொல்லி ரெண்டு பேற்ற டிக்கெட்டையும் மாத்திப் போட்டன்.”

“விசா?”

“கொழும்பில எடுத்தனான். கைவிரல் அடையாளமும் குடுத்து. உங்களிட்ட விசா இல்லை. இந்த வாசலைத் தாண்ட விடமாட்டாங்கள். அபூசாலி உங்களுக்குச் சொன்னவராமே?”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரத்தான் பார்த்தது. ஆனால் கடவுச்சீட்டை என்னிடம் நீட்டிய அவள் கை செபமாலையை விடாமல் பிடித்திருந்தது. நடுக்கடலில் வள்ளம் ஓடாமல் நின்றபோது, ஜெசிந்தாவை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் அள்ளி ஊற்றிய கை. அன்றைக்கு அது செபமாலையைத் தேடவில்லை.

“அவள் நரைச்சுப் போனாளாம்,” என்றாள் மெதுவாக. “எனக்கு அடையாளம் தெரியாமப் போனா என்ன செய்யிறது?”

“உன்ரை தங்கச்சியை உனக்குத் தெரியாதோ? போ,” என்றேன். வேறு என்ன சொல்வது?

இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். நெஞ்சு இளகியது. என்னை விட்டுப்போக மனம் வரவில்லை என்று நினைத்தேன்.

“கருவாட்டுப் பையைத் தாங்கோ. சீமான்பிள்ளை அண்ணை ஆக்கள் பின்னேரம் தங்கச்சி வீட்ட வருகினமாம்.”

கொடுத்தேன். வெறுங்கையோடு இடப்பக்கம் போனேன்.

ரொறொன்ரோவில் மருமகன் வந்து மரியாதையாகப் பெட்டியை வாங்கினார். வீட்டில் ஜெசிந்தா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள். “அப்பா” என்று அழுதாள். நானும் அழுதேன். இங்கே ஐஸ் வாசலுக்கு வெளியே கிடந்தது, வீட்டுக்குள் சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. பேத்தியைக் கையில் தந்தாள். அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் பாரிசும் மறந்தது, கடதாசியும் மறந்தது. மதலேனாவுக்கு முன்பாகவே பேத்தியைக் கண்டவன் நான்! கடைசியில் வென்றது நான்தான் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

“நல்லகாலம் நீங்கள் முந்தி வந்தீங்கள் மாமா,” என்றார் மருமகன். “நான் போட்டிருந்த லீவை வேண்டாமெண்டு சொல்லிட்டன். நாளைக்கு வேலை.”

“அப்ப சமையல்?”

“பத்தியச் சாப்பாடெல்லாம் அப்பா நல்லாச் செய்வார் எண்டு அம்மா சொன்னவ,” என்றாள் ஜெசிந்தா. “பிள்ளையைக் குளிக்க வாக்கிறதும் நீங்கள்தானாம்.”

“பிள்ளை, எனக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாதே!”

“அதுக்கும் அம்மா ஒழுங்கு செய்திருக்கிறா. எல்லாத்தையும் முந்தியே பேசிப் பதிஞ்சு அனுப்பியிருக்கிறா.”

அவள் தன் தொலைபேசியில் எதையோ தட்டினாள். அதற்குள் இருந்து மதலேனாவின் குரல் வந்தது.

“இஞ்சேருங்கோ, முதல்ல பிள்ளையைத் தாயிட்டக் குடுத்திட்டு, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ.”