'வழிநெடுக' நாவல்தானா என்ற விசாரணை

தமிழ் இலக்கியம் எங்கே வளர்கிறது என்று யாராவது கேட்டால், இராசிபுரம் கடைவீதிக்குப் பின்புறம் உள்ள கலாவிருத்தி வாசகசாலையில் என்று தயங்காமல் சொல்வேன். அந்த வாசகசாலையின் காரியதரிசி நான் என்பது இதற்குக் காரணமல்ல. பதினேழு உறுப்பினர்களும் ஒரே புத்தகத்தைப் பற்றி மூன்று மாதம் சண்டை போட்ட ஊர் இந்த ஜில்லாவில் வேறு கிடையாது.

புத்தகத்தின் பெயர் 'வழிநெடுக'. எழுதியவர் எங்கள் ஊர் நெசவாளி செங்கோடன். நாலு வருஷம் எழுதி, 1938ஆம் வருஷம் தை மாதம் அச்சிட்டு, ஒரு பிரதியை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் 'நாவல்' என்று போட்டிருந்தது. உள்ளே ஒன்பது ஊர், ஒன்பது வீடு, ஒன்பது கதை. ஒரு கதையில் வருகிறவர் அடுத்த கதையில் வருவதில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் யாரோ ஒரு வழிப்போக்கர் வாசலில் நின்று தண்ணீர் கேட்கிறார். அவ்வளவுதான்.

நாவல்களுக்கு எங்களிடம் கண்ணாடி அலமாரி உண்டு. மற்றவை 'இதரம்' என்று மூட்டையாகக் கட்டப்பட்டு மூலைக்குப் போகும். ஆகவே இது நாவலா, அல்லவா என்று முடிவு கட்டுவது தேசத்தின் அவசரத் தேவை ஆயிற்று.

வக்கீல் குமாஸ்தா வெங்கடாசலம் நாவல் கட்சிக்குத் தலைவர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் கைலாசம் எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போவதை நிறுத்திவிட்டார்கள். இலக்கிய ஆர்வம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, இறுதி விசாரணை கூடியது. செங்கோடனும் வந்திருந்தார். ஆசிரியர் பேசினால் பாரபட்சம் ஏற்படும் என்பதால் அவர் பேச அனுமதியில்லை.

"அட்டையிலே 'நாவல்'னு அச்சாயிருக்குதுங்க. அச்சான பத்திரத்தை வாய்மொழியால மறுக்கச் சட்டத்துல எடமில்லை" என்று தொடங்கினார் வெங்கடாசலம்.

"அட்டையிலே 'ராமாயணம்'னு போட்டிருந்தா?" என்றார் கைலாசம்.

"அப்ப ராமாயணந்தானுங்க."

கைலாசம் புத்தகத்தைப் பிரித்தார். பென்சில் குறி இல்லாத பக்கமே அதில் இல்லை. "கதாநாயகன் யாருங்க? ஒன்பது கதையிலே ஒரு கல்யாணமாச்சும் நடந்துதா? மூணாங் கதையிலே தண்ணி கேக்கறவனுக்குச் செருப்பு வார் அறுந்து போவுது. நாலாங் கதையிலே எவனோ நொண்டிக்கிட்டு வாரான். அஞ்சாங் கதையிலே இன்னொருத்தன் செருப்பைக் கையிலே புடிச்சுக்கிட்டு வாரான். எதுக்குன்னு ஒரு வரி விளக்கம் உண்டுங்களா? இது கோவையா? உதிரி!"

செங்கோடன் எழுந்தார். நான் மணியை அடித்தேன். அவர் உட்கார்ந்தார்.

அப்போதுதான் தெருப்பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரே ஆளுதானுங்க, சாமி."

காத்தான். சாலையில் கல் உடைப்பவர்; பாதிரியார் பள்ளியில் எழுத்துக் கற்றவர். தினமும் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே மேஜையில் விரித்திருக்கும் பத்திரிகையைப் படிப்பார். பக்கம் புரட்ட வேண்டுமானால் யாராவது புரட்டும்வரை காத்திருப்பார். அவர் உள்ளே வரக் கூடாது என்று எங்கள் விதிகளில் ஒரு வரிகூடக் கிடையாது. அவ்வளவு முற்போக்கானவை எங்கள் விதிகள். அவரேதான் வருவதில்லை.

"நீ படிச்சயா?" என்றார் கைலாசம்.

"செங்கோடரு குடுத்தாருங்க. ரெண்டு தடவை படிச்சனுங்க. எடப்பாடியில பொறப்பட்டு எருமப்பட்டிக்கு ஒரே ஆளு நடந்து போறாருங்க. வார் அறுந்ததாலதான் நொண்டறாரு."

"அப்ப செருப்பை ஏன் கையிலே புடிச்சிருக்கான்? அறுந்தது ஒண்ணுதானே? ரெண்டும் கையிலேயல்ல இருக்குது!"

காத்தான் சிரித்தார். "ஊர்த் தெருவுக்குள்ள வந்துட்டாருங்களே, சாமி. எங்க பக்கத்துல இதை யாரும் கேக்க மாட்டாங்க."

கைலாசம் புத்தகத்தை மூடினார்.

"அவனுக்குப் பேரு ஏன் இல்லை?" என்றார் வெங்கடாசலம், மெதுவாக.

"ஒம்பது ஊட்டுலயும் ஒருத்தரும் கேக்கலீங்களே. ரெண்டு ஊட்டுல தண்ணி ஊத்துனாங்க, கைய ஏந்திக் குடிச்சாரு. ஏழு ஊட்டுல இல்லைன்னுட்டாங்க."

செங்கோடன் மீண்டும் எழுந்தார். நான் மணி அடித்தும் அவர் உட்காரவில்லை. "ஆமாங்க" என்றார். "நாலு வருஷம் எழுதுனதை ஒருத்தர் படிச்சுட்டாருங்க. இனி நீங்க எந்த அலமாரியில வெச்சாலும் எனக்குச் சரிதான்." மேஜைமேல் இருந்த பத்திரிகையின் பக்கத்தைக் காத்தானுக்காகப் புரட்டி வைத்துவிட்டு வெளியே போனார்.

சபை நிலைகுலைந்தது. உறுப்பினரல்லாத ஒருவர், சபைக்கு வெளியே நின்று, நடவடிக்கையில் குறுக்கிட்டிருக்கிறார்! அதுவும் சரியாக! ஆயினும் எங்கள் தலைவர்கள் தடுமாறவில்லை. கைலாசம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வெங்கடாசலம் அதை ஆமோதித்தார். மூன்று மாதத்தில் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். எனக்குக் கண் கலங்கியது. ஜன்னலைச் சாத்தும் பெருமை காரியதரிசி என்ற முறையில் எனக்குக் கிடைத்தது. காத்தான் பத்திரிகையில் கடைசிப் பத்தியில் இருந்தார். முடிக்கட்டும் என்று ஒரு கணம் கை தயங்கியது. சபை ஒழுங்கை நினைத்துக்கொண்டேன். கொக்கியை மாட்டினேன். மறுநாள் தச்சர் வந்து ஆணி அடித்துவிட்டார்.

செங்கோடன் இப்போது சந்தைத் திடலில் பத்திரிகை படித்துக் காட்டுகிறாராம். ஒரு நாள் அவர், மறுநாள் காத்தான். முப்பது பேர் தரையில் உட்கார்ந்து கேட்கிறார்களாம். விதிகள் இல்லை, அலமாரி இல்லை, ஒரு மணிகூட இல்லை. பாவம்.

இங்கே நாங்கள் க்ஷேமம். கொஞ்சம் புழுக்கம், பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் 'வழிநெடுக' பற்றி எங்களுக்குள் இனி அபிப்பிராய பேதமே கிடையாது. அது யாரைப் பற்றிய கதை என்று பதினேழு பேருக்கும் தெரியும்.