ஐந்து தகடும் அடங்கிய கதை

இனிமேல் உலகத்தில் தனக்கு மூடிய கதவு என்று ஒன்று இருக்கவே கூடாது என்று தலைமை எழுத்தர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில் சபதம் செய்தார்.

அன்று காலை மேசைச் சாவியை வீட்டில் மறந்துவிட்டு ஆபீசுக்கு வந்திருந்தார். ரப்பர் ஸ்டாம்பு இழுப்பறைக்குள் மாட்டிக்கொண்டது. ஸ்டாம்பு இல்லாமல் பழைய ஆவணங்களைக் காக்கும் அந்தப் பதிவறையில் ஒரு காகிதம் நகராது. ஸ்டாம்பு இருந்தாலும் நகராது, அது வேறு விஷயம். ட்யூப்லைட் மாற்ற வந்த ஒயர்மேன் ஏணியிலிருந்து இறங்கி, சட்டைப் பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தார். வளைந்த கம்பியைச் சாவித் துவாரத்தின் ஓரத்தில் வைத்து லேசாக அழுத்தினார். மற்றதை உள்ளே விட்டு, பல் குத்துவது போல நாலு இழுப்பு இழுத்தார். டக்!

பதிவறையே வாயைப் பிளந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீசில் தன்னைப் பார்த்து ஒருத்தரும் இப்படி வாயைப் பிளந்ததில்லையே என்று தலைமை எழுத்தர் ஏங்கிப்போனார். கொட்டாவி கணக்கில் சேராது.

அன்று பிடித்த பைத்தியம். பழைய இரும்புக் கடையிலிருந்து பதினொரு பூட்டுகளைப் பொறுக்கி வந்து, ஒரு பலகையில் வரிசையாகத் திருகி, வீட்டு ஹாலில் வைத்துக்கொண்டார். மாலை ஆறு முதல் எட்டு வரை பயிற்சி. இரண்டு மாதத்தில் இரண்டு பூட்டுகளைத் திறந்தார். அதில் ஒன்று ஆரம்பத்திலிருந்தே திறந்துதான் இருந்தது என்று மனைவி கண்டுபிடித்துச் சொன்னாள்.

"திறமைங்கிற வார்த்தையிலயே 'திற' இருக்கு, கவனிச்சியா?" என்றார் அவர் பெருமையாக.

"மிச்சம் 'மை'. அதான் சட்டை பூராவும் அப்பியிருக்கே. மையா, கிரீசா?"

"கிரீசு. கேலி பண்ணாத. உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா நீயே அசந்துடுவ."

"சொல்லுங்க, அசர்றேன்."

அவள் பீன்ஸ் நறுக்கியபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மனைவி தான் சொல்வதை உட்கார்ந்து கேட்பது, கல்யாணத்தில் புரோகிதர் உட்காரச் சொன்னதற்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

"இது தகட்டுப் பூட்டு. மேசை, பீரோ, தபால் பெட்டி எல்லாத்துலயும் இதான். நடுவுல ஒரு உருளை. அதுக்குள்ள வரிசையா அஞ்சு மெல்லிசான தகடு. ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவுல ஒரு ஜன்னல். ஸ்பிரிங்கு என்ன பண்ணும், தகட்டை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். தகடு வெளிய துருத்திக்கிட்டு இருக்கிற வரைக்கும் உருளை சுத்தாது."

"சாவி போட்டா?"

"சாவி அந்த ஜன்னல் வழியா நுழைஞ்சு, ஒவ்வொரு தகட்டையும் எவ்வளவு இழுக்கணுமோ அவ்வளவு மட்டும் உள்ள இழுக்கும். அஞ்சும் அடங்கினாதான் உருளை சுத்தும். ஒண்ணே ஒண்ணு அடங்காம நின்னாலும் போச்சு."

"இந்த வீட்டுல அந்த ஒண்ணு யாருன்னு எனக்குத் தெரியும். சரி, சாவி தொலைஞ்சு போனா?"

"ஒரு கம்பியால உருளையை லேசா திருப்பிப் பிடிக்கணும். இன்னொரு கம்பியால தகடுகளை ஒவ்வொண்ணா தடவிக் குடுக்கணும். பலம் கூடாது. பொறுமை வேணும். அதுக்கு என்ன நினைப்புன்னு புரிஞ்சுக்கிட்டு, அதும்போக்குல விட்டு..."

"புருஷனை வெச்சுக் காலம் தள்ற மாதிரி," என்றாள் அவள், பீன்ஸ் காம்பைக் கிள்ளிக்கொண்டே.

பேச்சை மாற்ற அவர் ஆபீஸ் செய்தியைச் சொன்னார். பதிவறைக் கண்காணிப்பாளர் பதவி காலியாம். வெளியாட்களும் விண்ணப்பிக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம்.

"நீங்க போட்டாச்சா?"

"நான் எதுக்குப் போடணும்? நான்தான் சீனியர். தானா மடியில வந்து விழும். அப்ளிகேஷனெல்லாம் ஊர் பேர் தெரியாதவங்க போடறது."

"கடைசித் தேதி?"

"திங்கட்கிழமை. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

மறுநாள் மாலை, பலகையின் ஏழாவது பூட்டோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி வாசலில் நின்று எதிர்வீட்டு டீச்சரிடம் பேசுவது காதில் விழுந்தது. ரகசியக் குரல்தான். ஆனால் தெருமுனை வரை கேட்கிற ரகசியம்.

"எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன் அக்கா. கல்யாணமான நாள்லேருந்து அவர் பண்ணின ஒவ்வொரு கூத்தும், தேதி போட்டு."

"ஐயையோ! அவர் கண்ணுல பட்டா?"

"படாது. என் மேசை இழுப்பறையில வெச்சுப் பூட்டியிருக்கேன். அந்தப் பூட்டை இவரால ஏழு ஜென்மத்துக்கும் திறக்க முடியாது."

தலைமை எழுத்தர் கையிலிருந்த கம்பி நழுவிக் கீழே விழுந்தது. ஒவ்வொரு கூத்தும்! தேதியோடு! மச்சினன் கல்யாணத்தில் மாப்பிள்ளை என்று நினைத்து போட்டோகிராபருக்கு மாலை போட்டது இருக்குமோ? குக்கருக்குள் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டு, விசில் வரவில்லையே என்று பக்கத்தில் நின்று தானே விசிலடித்துப் பார்த்தது? அதை டீச்சர் படித்தால் தெரு முழுக்கத் தெரியும். ஆபீசுக்குத் தெரிந்தால் கண்காணிப்பாளர் நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது?

அதைவிட அவரைச் சுட்டது அந்த 'ஏழு ஜென்மம்'.

ஞாயிறு மதியம், "டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன், ரெண்டு மணி நேரமாகும்" என்று மனைவி கிளம்பினாள். அவள் வாசல் தாண்டியதும் அவர் கம்பிகளோடு மேசை முன்னால் மண்டியிட்டார்.

பூட்டு அசையவில்லை. கீழே குனிந்து பார்த்தார், மேலே ஏறிப் பார்த்தார், மல்லாந்து படுத்துப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, இந்தப் பூட்டில் தகடுகள் ஒரு பக்கம் மட்டுமில்லை. மூன்று மேலே துருத்துகின்றன, இரண்டு கீழே. போதாக்குறைக்கு உள்ளே தூசி. ரொம்ப நாள் திறக்காத பூட்டு மாதிரி இருக்கிறதே என்று ஒரு விநாடி தோன்றியது. தோன்றியதை அவர் மதிக்கவில்லை. தகடுகள் வழுக்கட்டும் என்று பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கருந்தூளைத் துவாரத்தில் ஊதினார். பாதி உள்ளே போயிற்று, பாதி மூக்கில். தும்மினார். மறுபடி அழுத்தினார். மேலே ஒன்று அடங்கியது. கீழே ஒன்று. மேலே இன்னொன்று. பிடி தளர்ந்தது, எல்லாம் மறுபடி குதித்துவிட்டன. முதலிலிருந்து ஆரம்பித்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. பிடியை இம்மியும் தளர்த்தாமல், குழந்தையைத் தூங்கவைப்பது போல, நாலாவது, ஐந்தாவது...

டக்!

உலகத்தில் இதைவிட இனிமையான சத்தம் கிடையாது என்று அவருக்குக் கண் கலங்கியது. இழுப்பறையை இழுத்தார். டைரி இல்லை. நோட்டு இல்லை. ஒரு பழுப்பு உறை மட்டும் கிடந்தது. அதற்குள் அவள் படித்த காலத்துச் சான்றிதழ்கள்.

"திறந்துடுச்சா?"

திரும்பினார். வாசலில் மனைவி. பின்னால் டீச்சர், கையில் காப்பி டம்ளரோடு.

"டைரி... டைரி எங்க?"

"எந்த டைரி? அதெல்லாம் எழுதணும்னா நான் வேலை வெட்டிய விட்டுட்டுல்ல உக்காரணும்."

"அப்ப இதுல என்னத்தைப் பூட்டி வெச்ச?"

"நான் எங்கங்க பூட்டி வெச்சேன்? சாவி தொலைஞ்சு ரெண்டு வருஷமாச்சு. பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? பாக்கலாம், பாக்கலாம்னீங்க. நாளைக்கு எனக்கு சர்டிபிகேட் வேணும். உடைச்சா மேசை போயிடும். நம்ம வீட்லயே இவ்வளவு பெரிய கெட்டிக்காரர் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?"

கோபப்படத்தான் அவர் வாயைத் திறந்தார். ஆனால் 'கெட்டிக்காரர்' என்ற வார்த்தை உள்ளே போய் எல்லாத் தகடுகளையும் அடக்கிவிட்டது. "ரெண்டு பக்கத் தகடு, தெரியுமா? சாமானிய ஆளால முடியாது," என்று டீச்சரிடம் விளக்க ஆரம்பித்தார். டீச்சர் வாயைப் பிளந்தார். அது போதும் அவருக்கு. சர்டிபிகேட் எதற்கு என்று கேட்கத் தோன்றவேயில்லை.

பத்து நாள் கழித்து அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, "இன்டர்வியூக்குப் போறேங்க" என்றாள். அவர் எட்டாவது பூட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "சரி, சரி, கதவைச் சாத்திட்டுப் போ" என்றார். எந்த ஆபீஸ், என்ன வேலை என்று கேட்கவில்லை. அவளும் தலையை வாரிக்கொண்டு, கேட்பாரோ என்று வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த மாதம் முதல் தேதி. புதுக் கண்காணிப்பாளர் பொறுப்பேற்கிறார், வெளியாளாம் என்று ஆபீசில் ஒரே பரபரப்பு. தலைமை எழுத்தருக்கு வயிறு எரிந்தது. அன்று காலை அவர் எழுவதற்குள் மனைவி எங்கேயோ கிளம்பிப் போய்விட்டிருந்ததால், காப்பியும் இல்லை. இருந்தாலும் சீனியர் ஆயிற்றே, பூங்கொத்தை அவர் கையில்தான் கொடுத்தார்கள். வருகிற ஆளை ஒரே வாரத்தில் ஓட ஓட விரட்டுவது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

நூலக, ஆவணப் படிப்பில் முதல் வகுப்பு வாங்கிய அந்தப் புதுக் கண்காணிப்பாளர், அதே நல்ல புடவையில், நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் கேள்வி கேட்கும்போது நிற்பது போலவே, கால் தானாக நேராக நின்றது. இந்தத் தடவை வாயைப் பிளந்தது அவர்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க சார். இது ஆபீஸ்தானே, இங்க நீங்க தாராளமா உக்காரலாம்."